மண்ணுக்குள் மறைந்த மாளிகைகள்

நம் நாட்டுப்புறங்களில் ‘மேடு’ என முடியும் இடப்பெயர்கள் எத்தனையோ உள்ளன. நத்தமேடு என்கிறோம், கோட்டைமேடு என்கிறோம். கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே மாளிகைமேடு என்றே ஓர் இடம் உண்டு. உழவர் அப்பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 1980-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, சோழர் அரண்மனையின் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. ஊரார் நாவில் நின்ற பெயர் பொய்யன்று என்பதற்கு மண்ணே சான்று கூறிற்று.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு, “இந்த இடத்தில் முன்னே யார் இருந்தார்கள்?” என்ற கேள்வி அவ்வப்போது எழுவது இயல்பு. அக்கேள்விக்கு ஏடுகள் மட்டுமே விடை தரும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வெறும் புல்தரையும் விடை தரும் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியிலுள்ள நார்த்தாம்ப்டன்ஷயர் என்னும் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 16-ஆம் நூற்றாண்டில் பெருஞ்செல்வர் சிலர் எழுப்பிய நாட்டுப்புற மாளிகைகளும் பூந்தோட்டங்களும் இன்று மேடாகவும் பள்ளமாகவும் கிடக்கின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, பூச்செடி இல்லை. ஆயினும் அம்மேடுபள்ளங்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மாளிகையின் வாயில் எங்கே, மாது உலாவிய நடைபாதை எங்கே, தாமரை போன்ற நீர்ப்பூக்கள் மலர்ந்த குளம் எங்கே என்பதெல்லாம் தெளிவாகத் தோன்றும்.

முதலில் படிக்கும் முறையைச் சொல்லிவிடுவோம். நண்பகலில் அத்தகைய வயல்வெளிக்குச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது நிழல் விழாது. நிழல் விழாத இடத்தில் ஒரு முழ உயரமுள்ள மேடு கண்ணுக்குப் புலப்படாது. விடியற்காலையில் அல்லது பொழுது சாயும் வேளையில், அதிலும் புல் குட்டையாயிருக்கும் குளிர்காலத்தில் சென்று பார்க்க வேண்டும். கதிரவன் தாழ்ந்து நிற்க, ஒவ்வொரு வரம்பும் தன் நிழலை நீளமாக விரிக்கும். அப்போது வெறும் மேய்ச்சல் நிலமாகத் தோன்றியது, கோடுகளும் கட்டங்களுமாக மாறிவிடும். பனி பெய்தால் பள்ளங்களில் அது நெடுநேரம் கரையாமல் வெண்மையாகத் தங்கி நிற்கும். கடுங்கோடை வந்தால் வேறொரு விந்தை நிகழும். புதைந்த சுவரின் மேல் மண் மெல்லியதாகையால் அங்கே புல் முதலில் கருகும். தூர்ந்துபோன வாய்க்காலின் மேல் ஈரம் மிகுதியாகையால் அங்கே புல் பசுமையாகவே நிற்கும். 2018-ஆம் ஆண்டின் வறட்சியில், டார்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் புல்தரையில் 1699-ஆம் ஆண்டு அமைத்த பூந்தோட்டத்தின் வடிவம் முழுவதும் இவ்வாறு வெளிப்பட்டதை உலகம் வியந்து பார்த்தது.

இம்மேடுபள்ளங்களை ஆய்வாளர் வரைபடத்தில் குறிக்கும் வழக்கமும் சுவையானது. ஒவ்வொரு சரிவையும் ஆப்பு வடிவமான சிறு கோடுகளால் குறிப்பர். கோட்டின் தடித்த தலை சரிவின் உச்சியைக் காட்டும். மெலிந்த வால் அடிவாரத்தைக் காட்டும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் மெல்லியது. பழகிய கண்ணுக்கு அத்தாள் முழுவதும் ஓர் ஊரின் வரலாறாக விரியும். எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் அதிலிருந்தே கணிக்கலாம். அந்நாட்டில் பழங்கால உழவர் கலப்பையை ஒரே வழியில் ஆண்டாண்டாக ஓட்டியதால், வயல்களில் நீண்ட வரப்பு போன்ற பார்களும் அவற்றிடையே சால்களும் நிலைத்து நின்றன. ஒரு தோட்டத்தின் படித்தளம் அப்பார்களை வெட்டிக்கொண்டு செல்லுமாயின், விளைநிலத்தை எடுத்துத்தான் தோட்டம் போட்டார்கள் என்று பொருள். பார்கள் தோட்டப் பாத்தியின் மேல் ஓடுமாயின், தோட்டம் அழிந்தபின் ஏர் வந்தது என்று பொருள். சாட்சி சொல்ல ஒரு மனிதனும் வேண்டுவதில்லை.

இனி ஹோல்டென்பிக்கு வருவோம். எலிசபெத் அரசியாரின் அவையில் சர் கிறிஸ்டபர் ஹாட்டன் என்பவர் பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தார். நன்றாக நடனமாடியே முன்னுக்கு வந்தார் என்று பொறாமைக்காரர் பேசினர். எப்படியாயினும் 1587-இல் நாட்டின் சான்சலர் பதவியை எட்டினார். உலகைச் சுற்றிவந்த டிரேக்கின் கப்பலுக்குப் ‘பொன்மான்’ என்று பெயரிட்டதுகூட ஹாட்டனின் குலச்சின்னத்தில் மான் இருந்ததால்தான். அப்பயணத்தில் அவர் பணம் போட்டிருந்தார். அவர் தம் சொந்த ஊராகிய ஹோல்டென்பியில் 1570-களில் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். இரண்டு பெரிய முற்றங்களைச் சூழ்ந்து அது அமைந்தது. கண்ணாடி அரிதாயிருந்த அக்காலத்தில் அம்மாளிகைக்கு 123 பெருஞ்சாளரங்கள் இருந்தன என்பர். அந்நாளில் அந்நாட்டிலிருந்த குடிமக்கள் மாளிகைகளில் இதற்கு ஈடானவை மிகச் சிலவே. 1579-இல் தலைமை அமைச்சராகிய பர்லி பிரபு அங்குச் சென்று பார்த்து, மாடிப்படியையும் மண்டபத்தையும் மெச்சி ஹாட்டனுக்குக் கடிதம் எழுதினார்.

அத்தனை பெரிய மாளிகை எதற்கு? அரசியார் ஊர்வலமாக வரும்போது தங்குவதற்கு. தம் தெய்வம் எழுந்தருளும் வரை அத்திருக்கோயிலைத் தாம் பார்க்கப்போவதில்லை என்ற கருத்தில் ஹாட்டன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வீடு கட்டியவன் வீட்டில் வாழ்வதற்காகக் கட்டவில்லை என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்? 1591-இல் அவர் இறந்தபோது அரசுக்குச் செலுத்தவேண்டிய பெருங்கடனையே பின்வந்தோருக்கு விட்டுச்சென்றார்.

மாளிகை நின்ற இடம் ஒரு மலைமுகடு. தெற்கே நிலம் சரிந்து இறங்குகிறது. தோட்டம் போடுவதற்கு ஏற்ற சமதரை அங்கே இல்லை; ஆகவே சமதரையை உண்டாக்கினர். மாளிகையின் தென்புறத்திலிருந்து சரிவின் மேல் நீண்டு செல்லும்படி மண்ணைக் கொட்டி நீள்சதுரமான பெருந்திண்ணை ஒன்றை எழுப்பினர். அதன் பக்கங்களில் சரிவைப் படிப்படியாக வெட்டிப் படித்தளங்கள் அமைத்தனர். அவற்றின் அடியில் குளங்கள் தோண்டினர். கரடுமுரடான நிலம் பெருமுயற்சியாலும் பெருஞ்செலவாலும் எவ்வளவு விரைவில் அழகுபெற்றது என்று அக்காலத்து நிலநூலாசிரியர் ஜான் நார்டன் வியந்திருக்கிறார். நாம் வியக்க வேண்டியது வேறொன்று. இயந்திரம் இல்லாத காலம் அது. மண்வெட்டியும், கூந்தாலியும், கூடையும், ஒற்றைச் சக்கரக் கைவண்டியுமே கருவிகள். எத்தனை கூலியாட்கள், எத்தனை ஆண்டுகள், எத்தனை கூடை மண்! அவர்கள் குவித்த மண் இன்றும் குவித்தபடியே நிற்கிறது; ஹாட்டன் வெளிநாட்டு வழக்கப்படி செதுக்கிய கல் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டது.

படித்தளங்கள் எதற்கு என்று கேட்கலாம். அக்காலத் தோட்டக்கலையை அறிந்தால் விளங்கும். சமதரையில் குட்டையான செடிகளை நட்டு, கத்தரித்து, ஒரு வரி மற்றொரு வரியின் மேலும் கீழும் புகுந்து செல்வதுபோல் பின்னல் வடிவங்களை ஆக்குவர். நம் வீட்டுப் பெண்டிர் மார்கழி விடியலில் இடும் சிக்குக் கோலத்தைச் செடியால் இட்டதுபோல் என்று நினைத்துக்கொள்ளலாம். கோலத்தின் அழகு குனிந்து பார்ப்பவருக்குத் தெரியாது. திண்ணைமேல் நின்று பார்ப்பவருக்கே தெரியும். அவ்வாறே செடிக்கோலத்தின் வடிவத்தைக் காண உயரமான நடைபாதை வேண்டும். ஆகையால் மேல்தளத்தில் உலாவியபடி கீழ்த்தளத்தை நோக்குமாறு எல்லாவற்றையும் அமைத்தனர். இன்னும் உயரே நின்று பார்க்க விரும்பியவர்கள் தனியே மண்மலை ஒன்றை எழுப்பி, அதன்மேல் ஏறச் சுற்றுவழியும் வகுத்தனர். இதனைக் காட்சிமேடு எனலாம்.

ஹோல்டென்பியில் மற்றொரு செய்தியும் புல்லில் எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்தின் ஓரத்தில் பழைய தேவாலயம் தனித்து நிற்கிறது. ஊருக்கு நடுவே இருக்கவேண்டிய ஆலயம் ஏன் ஊரை விட்டு விலகி நிற்கிறது? ஆலயம் விலகவில்லை, ஊர்தான் விலக்கப்பட்டது. ரால்ப் டிரெஸ்வெல் என்னும் நில அளவையாளர் 1580-இலும் 1587-இலும் வரைந்த இரு படங்கள் கிடைத்துள்ளன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மாளிகையின் அழகுக்கு ஏற்றபடி ஊர் மாற்றியமைக்கப்பட்டது தெரிகிறது. ஆலயத்தை அடுத்திருந்த வீடுகள் நீக்கப்பட்டன. வேறோரிடத்தில் ஒழுங்கான ஊர் ஒன்று, மாளிகைக்கு வருவோர் கண்ணுக்கு இனிதாக அமையுமாறு, உருவாயிற்று. அக்குடியானவர்களின் விருப்பத்தைக் கேட்டார்களா என்று படம் சொல்லவில்லை. நமக்கு ஓர் ஐயமுமில்லை.

மாளிகையின் விதி விரைவில் திரும்பிற்று. 1607-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அதனை வாங்கினார். அவர் மகன் முதலாம் சார்லஸ் அங்கே உரிமையாளராகவும் வந்தார், கைதியாகவும் வந்தார். பாராளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்று ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்திருந்த மன்னரை, அவர்கள் 1647 ஜனவரி 30-ஆம் நாள் பாராளுமன்றத்தாரிடம் ஒப்படைத்தனர். பிப்ரவரியில் அவர் ஹோல்டென்பிக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே அவருக்கு வேலை ஒன்றுமில்லை. தோட்டத்தின் நீண்ட நடைபாதைகளில் காவலர் புடைசூழ நாள்தோறும் உலாவினார். பந்துருட்டி ஆடும் விளையாட்டில் அவருக்கு விருப்பம் மிகுதி. ஹோல்டென்பியின் ஆடுதரை நன்றாயில்லை என்று அண்டையிலிருந்த ஆல்தோர்ப் மாளிகைக்குச் சென்று ஆடிவந்தார். ஜூன் முதல் வாரத்தில் ஜாய்ஸ் என்னும் இளைய படைத்தலைவர் ஐந்நூறு குதிரைவீரருடன் வந்து, மன்னரைத் தம்முடன் வருமாறு கூறினார். எந்த அதிகாரத்தால் அழைக்கிறீர் என்று மன்னர் கேட்டார். ஜாய்ஸ் தமக்குப் பின்னால் அணிவகுத்து நின்ற வீரர்களைச் சுட்டிக்காட்டினார். இவ்வளவு தெளிவாக எழுதிய அதிகாரப் பத்திரத்தைத் தாம் கண்டதில்லை என்னும் பொருள்பட மன்னர் புன்னகையுடன் கூறினாராம். ஜூன் 4-ஆம் நாள் அவர் புறப்பட்டார். 1649 ஜனவரி 30 அன்று இலண்டனில் அவர் தலை வெட்டுண்டது; ஸ்காட்லாந்தியர் அவரை ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக ஈராண்டு.

மன்னர் போனபின் மன்னரின் சொத்தும் ஏலத்துக்கு வந்தது. ஆடம் பெய்ன்ஸ் என்னும் பாராளுமன்றப் படையினர் ஹோல்டென்பியை வாங்கி, 1651-இல் மாளிகையை இடித்து, கல்லையும் மரத்தையும் ஈயத்தையும் விற்றார். ஒரு மூலை மட்டும் எஞ்சிற்று. 19-ஆம் நூற்றாண்டில் அம்மூலையைச் சேர்த்துக் கட்டிய வீடுதான் இப்போதிருப்பது. பழைய மாளிகையில் அது எட்டில் ஒரு பங்கு என்கின்றனர். அதனருகே 1583 என்று ஆண்டு பொறித்த இரண்டு வாயில் வளைவுகள், பக்கத்தில் சுவரே இல்லாமல், புல்வெளியில் நிற்கின்றன. எதற்குள் நுழைய அவ்வாயில்கள் என்று குழந்தைகள் கேட்டால், அருகிலுள்ள மேடுகளைத்தான் காட்டவேண்டும்.

ஹோல்டென்பிக்குக் கிழக்கே, அதே மாவட்டத்தில், லிவ்டன் என்னும் இடம் உள்ளது. அதன் கதை இன்னும் உருக்கமானது. சர் தாமஸ் டிரெஷம் என்பவர் கத்தோலிக்க சமயத்தைக் கைவிட மறுத்தவர். அக்காலத்தில் அது குற்றம். எட்மண்ட் காம்பியன் என்னும் பாதிரியாருக்கு இடங்கொடுத்தார் என்று 1581-இல் விசாரணைக்கு உள்ளானார். அதன்பின் தம் வாழ்நாளில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளைச் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கழித்தார். அபராதமாகவே பெரும் பணம் கட்டினார். வாய்விட்டுச் சொல்ல முடியாத நம்பிக்கையை அவர் கல்லிலும் மண்ணிலும் சொல்லத் துணிந்தார். ரஷ்டனில் அவர் கட்டிய சிறு மனையில் எல்லாமே மூன்று: பக்கம் மூன்று, மாடி மூன்று, முகடுகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று. லிவ்டனிலோ, சிலுவையின் வடிவில் ஓர் உல்லாச மாளிகையைத் தொடங்கி, இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சின்னங்களைச் சுவரில் செதுக்குவித்தார். பள்ளத்தாக்கில் இருந்த பழைய மனையிலிருந்து மேட்டில் எழும் புதுமனைக்குச் செல்லும் வழி முழுவதையும் தோட்டமாக்கினார்: முதலில் பழத்தோட்டம், பிறகு உயர்ந்த நடைமேடை, கூம்பு வடிவ மண்மேடுகள், பிறகு நீர்க்கால்வாய்கள் சூழ்ந்த சதுரத்தோட்டம், அதன் இரு மூலைகளில் நத்தைக்கூடு போல் சுருண்டேறும் வழியுடைய காட்சிமேடுகள். ஏறி இறங்கிச் செல்லும் அவ்வழி ஒரு திருத்தலப் பயணம் போன்றது என்று இன்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இவற்றையெல்லாம் டிரெஷம் அருகிருந்து பார்க்கவில்லை என்பதுதான் நாம் நினைவிற் கொள்ளவேண்டியது. சிறையிலிருந்தபடியே, எந்தச் செடியை எங்கே நடுவது, எந்த மேட்டை எவ்வளவு உயர்த்துவது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1605 செப்டம்பரில் அவர் இறந்தார். கூரை போடாத சுவர்களோடு வேலை நின்றது. இரண்டே மாதத்தில், பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டபோது அவர் மகன் பிரான்சிஸ் அதில் சிக்கினார்; அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். குடும்பம் கடனில் மூழ்கிற்று. புதுமனை அன்று நின்றபடியே இன்றும் நிற்கிறது, வானத்தைக் கூரையாகக் கொண்டு.

இரண்டு தற்செயல்கள் அத்தோட்டத்தை மீட்டுத் தந்தன. ஒன்று, 1828-இல் ரஷ்டன் மாளிகையில் சுவரை உடைத்த வேலையாட்களுக்கு, துணியில் சுற்றி மறைத்து வைத்திருந்த கடிதக்கட்டு கிடைத்தது. டிரெஷத்தின் காகிதங்கள் அவை. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மற்றொன்று நாம் வாழும் காலத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது 1944-இல் ஜெர்மன் வேவு விமானம் ஒன்று அப்பகுதியின் மேல் பறந்து படமெடுத்தது. அதைப் போன்ற படங்கள் போருக்குப் பின் அமெரிக்கர் கைக்குச் சென்று, மேரிலாந்து மாநிலத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அடங்கிக் கிடந்தன. 2010-ஆம் ஆண்டில் அப்படம் ஆராயப்பட்டபோது, கால்வாய்களுக்கு இடைப்பட்ட சதுரத்தில், ஒன்றினுள் ஒன்றாகப் பத்து வட்டங்கள் தெரிந்தன. வெளிவட்டத்தின் அகலம் ஏறத்தாழ 120 மீட்டர். சிறையிலிருந்து டிரெஷம் எழுதிய ரோஜாச் செடிகளும் ராஸ்பெரிப் புதர்களும் நின்ற இடம் அதுவே என்று கடிதங்களையும் படத்தையும் ஒப்பிட்டு முடிவு செய்தனர். எதிரி குண்டுபோட இடம் தேடி எடுத்த படம், முந்நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பூந்தோட்டத்தைக் காட்டிற்று! இதன்பின் லிவ்டன் தோட்டம் அந்நாட்டின் வரலாற்றுத் தோட்டப் பதிவேட்டில் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. இன்று அவ்வட்டங்களின்படியே புல்லை வெட்டி வைத்திருக்கின்றனர். கீழ்த் தோட்டத்தில் பழைய இன ஆப்பிள், பேரி, பிளம் மரங்களை மீண்டும் நட்டிருக்கின்றனர்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோட்டக்கலையின் நாகரிகம் மாறிற்று. நேர்கோடும் சதுரமும் பழங்கோலம் என்று ஒதுக்கி, இயற்கையைப் போல் வளைந்து செல்லும் ஏரியும் புல்வெளியும் வேண்டும் என்றனர். ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று பெயர்பெற்ற தோட்டக்கலைஞர் 1783-இல் இறப்பதற்குள், நாடெங்கும் எத்தனையோ பழந்தோட்டங்களை நிரவிவிட்டார். யாருடைய தோட்டங்கள் அழிந்தன? செல்வம் குன்றாது வாழ்ந்தவர்களுடைய தோட்டங்கள். யாருடையவை தப்பின? கடனில் வீழ்ந்தவர்களுடையவை, சிறையில் மாண்டவர்களுடையவை, தலையிழந்தவர்களுடையவை. வாழ்ந்த வீடு மாறிக்கொண்டே போகிறது. கெட்ட வீடு கெட்டபடியே நின்றுவிடுகிறது. கோட்ஸ்வோல்ட் பகுதியில் சிப்பிங் காம்டன் என்னும் கம்பளி வணிக ஊரில், பட்டு வணிகத்தால் செல்வரான சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டிய மாளிகையும் இவ்வாறே. 1645-இல் அங்கே தங்கியிருந்த மன்னர் படையினரே, விட்டுச்செல்லும்போது அதற்குத் தீவைத்தனர். விருந்துமனைகள் இரண்டும் வாயில்மனைகளும் எஞ்சின. மாளிகை நின்ற இடத்தைச் சுற்றிலும் படித்தளங்கள் புல்லடியில் அப்படியே உள்ளன.

ஆனால் புல் மூடியிருக்கும் வரைதான் இந்தக் காவல். ஆடுமாடு மேயும் நிலத்தில் மேடு நானூறு ஆண்டு நிற்கும். இயந்திரக் கலப்பை ஒருமுறை ஆழ உழுதால், முகடு சரிந்து பள்ளம் தூர்ந்துவிடும். சில ஆண்டு தொடர்ந்து உழுதால் வரைபடத்திலன்றி வேறெங்கும் அது இராது. உலகப்போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்கும் ஆர்வத்தில் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பல உழுநிலமாயின. அவற்றோடு எத்தனை தோட்டங்கள் போயினவென்று எண்ணிச் சொல்வார் இல்லை. மற்றோர் இடையூறு அறியாமை. நெடுங்காலம் இத்தோட்டமேடுகளைப் பார்த்தவர்கள், காட்சிமேட்டைக் கோட்டையின் அடித்தளம் என்றும், அலங்காரக் குளத்தைத் துறவிகளின் மீன்குளம் என்றும் எழுதிவைத்தனர். பூந்தோட்டம் தொல்லியலுக்குரிய பொருள் என்று யாரும் எண்ணவில்லை. 1970-களிலும் 1980-களிலும் அரச வரலாற்றுச் சின்ன ஆணையத்தினர் நார்த்தாம்ப்டன்ஷயர் முழுவதையும் ஊர் ஊராக நடந்து அளந்தபோதுதான் இப்பார்வை மாறிற்று. அவ்வளவைப் பணியில் முன்னின்ற கிறிஸ்டபர் டெய்லர், தோட்டங்களின் தொல்லியல் பற்றி 1983-இல் ஒரு சிறு நூலே எழுதினார். இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளிக்கதிரைப் பாய்ச்சி, தரையின் ஏற்றவிறக்கத்தை அங்குலக் கணக்கில் அளக்கின்றனர். மரங்கள் அடர்ந்த இடத்தில்கூட இலைகளினிடையே புகுந்த கதிர்கள் தரையைக் காட்டிவிடுகின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. ஆக்ராவில் வாழும் அன்பர்கள் தாஜ்மகாலுக்கு எதிர்க்கரையிலுள்ள மெஹ்தாப் பாகைப் பார்த்திருப்பர். யமுனை வெள்ளத்தின் வண்டல் மூடி, மேடாகக் கிடந்த அவ்விடத்தில் ஷாஜகான் தமக்கெனக் கருப்புத் தாஜ்மகால் ஒன்றைத் தொடங்கினார் என்ற கதை, பிரெஞ்சுப் பயணி தவெர்னியேயின் எழுத்தை ஒட்டி வழங்கிவந்தது. 1990-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கல்லறை கிடைக்கவில்லை. எண்கோணக் குளமும் நீரூற்றுகளும் கொண்ட தோட்டமே கிடைத்தது. நிலவொளியில் தாஜ்மகாலின் நிழல் வீழ்வதற்கென அமைத்த குளம் அது. இராஜஸ்தானத்தில் தோல்பூருக்கு அருகே ஜோர் என்னும் சிற்றூரில், பாபர் அமைத்த தாமரைத் தோட்டத்தை 1978-இல் எலிசபெத் மொய்னிஹன் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தார். பாபரின் நினைவுக்குறிப்பில் உள்ள செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவருக்கு, பாறையில் குடைந்த தாமரை வடிவக் குளம் ஊராரின் வீடுகளுக்கு நடுவே தென்பட்டது.

மீண்டும் ஹோல்டென்பிக்கு ஒருமுறை சென்று வருவோம். பொழுது சாயும் வேளையில் தேவாலயத்தின் அருகே நின்றால், ஒரு பக்கம் ஹாட்டனின் படித்தளங்கள் தெரிகின்றன: நேர்த்தியாக, அகலமாக, ஒன்றின்கீழ் ஒன்றாக. ஆலயத்தை ஒட்டிய புல்வெளியில் வேறு சில சுவடுகளும் தெரிகின்றன. வண்டியும் காலும் தேய்த்துப் பள்ளமாக்கிய பழைய தெரு. அதன் ஓரத்தில் ஒரு சிறு வீடு நிற்கும் அளவுக்கே உயர்ந்த தரைமேடுகள். தோட்டத்துக்கு இடம்விட்டுப் போன குடியானவர்களின் மனைகள் அவை. அவர்கள் பெயர் படத்தில் இல்லை. ஆணையத்தார் வரைந்த தாளில் இரண்டையும் ஒரே வகை ஆப்புக்கோடுகளால்தான் குறித்திருக்கிறார்கள். படித்தளத்துக்குக் கோடு சற்று நீளம், மனைக்குச் சற்றுக் குட்டை. இரண்டின் மேலும் ஆடுகள் மேய்கின்றன.